சிவத்தக் கோழிக்கு ஒரு மாப்பு

செவ்வாய்க்கிழமை அஸர் பாங்கு கேட்டபோது மசூது, தான் செய்யாத பாவமொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

எதிரே றஸாக் காக்கா சாய்வுநாற்காலியில் கிடந்தார். மருதமுனை நெசவுச் சங்கத்தின் தலைவர். ஒன்றரை வருடத்துக்கு முன் மேலப்பாளையத்திலிருந்து மசூதைத் தறி மாஸ்டராக அழைப்பித்தவர் அவர்தான். இங்குள்ளவர்களுக்குப் பூக்கரை போட்டு நெய்யக் கற்றுக்கொடுப்பது வேலை. கற்றுக்கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை காலை ஊருக்குப் பயணம். பஸ்ஸில் மட்டக்களப்பு, ரயிலில் தலைமன்னார், கப்பலில் தனுஷ்கோடி. ஞாயிற்றுக்கிழமையோடு பெர்மிட் முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள் நின்றாலும் அவன் மாஸ்டர் இல்லை, கள்ளத்தோணி.

பயணம் போகிறவன் வீடு வீடாய்ப் போய் மாப்புக் கேட்க வேண்டும். அந்த வழக்கம் மேலப்பாளையத்திலும் உண்டு. அங்கே செருப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. வாசலில் நின்று, "சொன்னது செஞ்சது இருந்தா பொறுத்துக்கிடுங்க" என்றால், உள்ளேயிருந்து, "பொறுத்தாச்சு, போயிட்டு வாரும்" என்று வரும். ஒரு வெற்றிலை மென்று முடிவதற்குள் ஒரு தெருவை முடித்துவிடலாம்.

அந்த நினைப்பில்தான் வந்திருந்தான்.

"பொறுக்கலாம். என்னத்தப் பொறுக்க?" என்றார் றஸாக் காக்கா.

"பொதுவாத்தான் காக்கா. அறிஞ்சும் அறியாமலும்..."

"அது இஞ்ச எடுபடா. காலிதீன் ஹாஜியாரால கெட்ட ஊர் இது."

காலிதீன் ஹாஜியார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது ஊர் முழுக்கப் போய்ப் பொதுவாக மாப்புக் கேட்டார். எல்லாரும் அழுதுகொண்டே கொடுத்தார்கள். கப்பல் போன பிறகு பக்கத்து வளவுக்காரன் அளந்து பார்த்தான். ஹாஜியாரின் வேலி அவனுடைய காணிக்குள் இரண்டு முழம் நடந்து வந்திருந்தது. திரும்பி வந்த மனிதரிடம் கேட்டால், "அதத்தான் நீ பொறுத்திட்டியே தம்பி" என்று தஸ்பீஹை உருட்டினாராம்.

"அண்டையோட ஊர் ஒரு முடிவெடுத்தது. பேர் இல்லாத பிழைக்கு மாப்பு இல்ல. ஓம், சொல்லுங்க. என்ன செஞ்ச?"

"உங்களுக்கு நான் ஒரு பிழையும் செய்யலியே காக்கா."

"ஒண்டரை வருஷமா ஒரு பிழையும் இல்ல. மறுகா என்னத்துக்கு மாப்புக் கேக்க வந்த? பகிடி பண்ணவா?"

மசூது சுவரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கின் கடைசி வரி காற்றில் வந்தது. அது வழிகாட்டியது.

"மவ்லிது அன்னிக்கு நீங்க ராகம் போட்டு பைத் படிச்சீங்கல்லா. அப்ப நான் காதுல பஞ்சு வச்சிருந்தேன்."

றஸாக் காக்கா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் காதில?"

"ரெண்டுலயும்."

அவர் தன் இரண்டு காதையும் ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, "பொறுத்தன்" என்றார். குரலில் காயமும் இருந்தது, திருப்தியும் இருந்தது. உண்மையில் மவ்லிது அன்றைக்கு மசூது பள்ளிவாசலுக்கே போகவில்லை. அறையில் படுத்துத் தூங்கினான். அதைச் சொல்லியிருந்தால் இன்னும் பெரிய பாவமாகியிருக்கும்.

வெளியே வந்தபோது அவனுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. பாவு ஓட்டுவதுபோலத்தான் இதுவும். முதல் இழைதான் கஷ்டம்.

அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய கத்தரிக்கோலை மழுங்கடித்தான். அதற்கடுத்த வீட்டில் ஒரு பிள்ளையை மனசுக்குள் குரங்கென்று நினைத்தான். பள்ளிவாசல் மரைக்கார் ஹமீட் வீட்டில் மரத்திலிருந்து ஒரு மாங்காய் பறித்தான். ஹமீட் மாப்புக் கொடுத்தார், ஆனால் முகம் கோணினார். "றஸாக்குக்குப் பஞ்சு. எனக்கு மாங்காயா? என்ன மாஸ்டர், என்னைப் பத்தி ஒரு புறணிகூடக் கதைக்கல்லியா நீங்க?" மசூது அவசரமாக ஒரு புறணியையும் சேர்த்துக்கொண்டான். அவர் மனம் ஆறி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

கல்முனைத் தபால் கந்தோரில் கிறிஸ்ரோபர் இருந்தார். மேலப்பாளையத்துக் கடிதங்களை எடுத்து வைத்துக் கொடுத்தவர். வேதக்காரரானாலும் சொல்லாமல் போவது முறையில்லை.

"எங்கட ஆக்கள் சுவாமியாரிட்டச் சொல்லுறதுதான். ஆளிட்டயே நேர சொல்லுற பழக்கம் எங்களுக்கில்ல," என்றார் கிறிஸ்ரோபர். பிறகு யன்னலடிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா வந்திட்டீர். சொல்லும், கேப்பம்."

ஆணியில் ஒரு குடை தொங்கியது. "உங்க குடையை ஒரு மழைக்கு எடுத்திட்டுப் போனேன். பெறகு வச்சிட்டேன்."

"அது நீரா? கம்பி முறிஞ்செல்லோ கிடந்தது. நேசராசாதான் எண்டு நான் அவனோட ஒரு வருஷமாக் கதைக்கிறேல்ல."

கம்பியையும் மசூது ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நேசராசா யாரென்று அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் பஸ்ஸுக்கு நடக்கும்போது, செய்யாத பாவத்துக்கும் எங்கேயோ ஒரு சொந்தக்காரன் இருப்பான் போலிருக்கிறதே என்று நினைத்தான். பஸ் வந்தது. நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினான்.

அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மிச்சமிருந்தது ஹாஜறா ராத்தா. அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி. பிள்ளையில்லாத விதவை. வீட்டின் பக்கத்து அறையைச் சங்கம் அவனுக்கு எடுத்துக் கொடுத்திருந்தது. அறைக்கு வாசல் தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கைப் பக்கம். வீட்டுப் பக்கம் ஒரு சின்ன யன்னல், அதற்கு ஒரு சீலைத் திரை. சோற்றுப் பீங்கான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். வெறும் பீங்கான் இந்தப் பக்கத்திலிருந்து போகும். ஹாஜறா அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று ஊர் நம்பியது. பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். ஆனால் அவன் தின்பதை அவள் பார்த்ததில்லை.

அதில்தான் மசூதின் உண்மையான பாவம் கிடந்தது.

அவனுக்குக் கோழி ஆகாது. சின்னப் பிள்ளையிலேயே ஒரு துண்டு தின்று உதடு வெற்றிலைப் பை மாதிரி வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூன்று நாள் கிடந்தவன். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திரைக்குப் பின்னாலிருந்து பீங்கானோடு குரலும் வந்தது: "வெள்ளிக்கிழமையில ஆம்பிளைக்குக் கோழி வெக்காத வீடு வீடில்ல, மாஸ்டர். என்ட கையால தின்டவங்க மறுகா வேற கையால தின்னமாட்டாங்க." அதற்குமேல் எப்படிச் சொல்வது? முதல் இரண்டு வெள்ளியும் கறியை வாழையடியில் புதைத்தான். மூன்றாம் வெள்ளி குழி தோண்டும்போது, புதிதாய்க் கட்டிய தென்னங்கிடுகு வேலியின் இடுக்கு வழியாக, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வெறும் பீங்கானோடு நீண்டது.

"சோத்தைப் புதைச்சா ஹறாம். இஞ்சால தாங்க."

அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கை வந்தது. ஹாஜறா வாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மாஸ்டர் தன் கோழிக்கறியை வழித்துத் தின்பார், பீங்கானைக் கழுவவே தேவையில்லை என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

இதை எப்படி அவளிடம் ஒப்புவிப்பது? செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் பிறகு யன்னலடியில் நின்றபோது மசூது, இந்தக் கோழியிலிருந்து தப்ப இன்னொரு கோழியைப் பிடித்தான்.

"ராத்தா, வியாழக்கிழமை போறேன். பொறுத்துக்கிடணும்."

"என்னத்த?" உள்ளே சுளகில் அரிசி புடைக்கும் சத்தம்.

"உங்க சிவத்தக் கோழி. நான் வந்த மாசம் காணாமப் போச்சே. அது நான்தான். பசியில பிடிச்சுத் தின்னுட்டேன்."

சுளகு நின்றது.

"எப்பிடித் தின்ட?"

"கடக்கரையில வச்சு. சுட்டு."

"செட்டையெல்லாம்?"

"கடல்ல போட்டுட்டேன்."

"ஒரு முழுக் கோழி. நீங்க தனிய."

"ஆமா ராத்தா."

மசூது பயணத்துக்கு என்னவெல்லாம் கட்ட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தான்.

"பொறுக்க ஏலா," என்றாள் ஹாஜறா.

"கோழிக்கு வேணும்னா..."

"கோழிக்கில்ல. கோழி போனாப் போகுது. சுல்பிகாதான் எடுத்தாளெண்டு நான் பள்ளிவாசல்ல சத்தியம் பண்ணினவள். குறுஆனில கை வெச்சி. இப்ப நான் பொய்ச் சத்தியக்காரி. விளங்கிச்சா?"

விளங்கியது. சுல்பிகா அவளுடைய தங்கச்சி. உம்மா கொடுத்த ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு, நடுவே ஒரு கிணறு. வளவில் வேலி எழுந்ததற்குக் காரணம் ஏதோ கோழிச் சண்டை என்று மசூது கேள்விப்பட்டிருந்தான். சத்தியம் வரைக்கும் போனது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி வளையல் கை சுல்பிகாவுடையது.

"அவள் என்னைப் பொறுக்கட்டும். மறுகா நான் உங்களப் பொறுக்கன்," என்றாள் ஹாஜறா. "அதுவரைக்கும் பெட்டி உள்ளுக்க கிடக்கட்டும்."

பெட்டி என்றால் அவனுடைய றங்குப்பெட்டி. பக்கத்தறையின் கிடுகுக் கூரை ஒழுகியதால் வந்த அன்றைக்கே அதை ஹாஜறாவின் உள்ளறையில் வைக்கக் கொடுத்திருந்தான். உடுப்பு, உம்மாவுக்கு வாங்கிய சீலை, பெர்மிட், பாஸ்போட் எல்லாம் அதற்குள்தான். அந்நிய ஆண் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது.

புதன்கிழமை காலையில் றஸாக் காக்கா விஷயத்தைக் கேட்டுக் கையை விரித்தார்.

"பொம்புளைகள்ட உள்ளறைக்குள்ள பொலிசும் போகமாட்டான். நான் எப்பிடிப் போற? ஊரில எத்தின பாவம் கிடக்கு. உங்களுக்கு அந்தக் கோழிதானா கிடைச்சது?"

"பசி காக்கா."

"ஹாஜறாட வீட்டில இருந்துகொண்டு பசியா?" அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பஞ்சு எண்டது மெய்தானே?"

"மெய் காக்கா."

"பஞ்சுக்கு நான் பொறுத்தமாதிரி எல்லாரும் பொறுப்பாங்களெண்டு நினைச்சீங்களா? போங்க. சுல்பிகாட காலில விழுங்க."

வேலியடியில் போய் நின்று மசூது இருமினான். கிடுகுக்கு அந்தப் பக்கம் அம்மி அரைக்கும் சத்தம் நின்றது. இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையா?" என்றாள் சுல்பிகா.

"நான் ராத்தாட்ட ஒண்ணு சொல்லிட்டேன்..."

"கேட்டன். ஊரே கேட்டுட்டு. கோழி தின்னாத மனிசன் ஒரு முழுக் கோழியைச் சுட்டுத் தின்டிரிக்கார். மாஷா அல்லாஹ்."

"நீங்க ராத்தாவைப் பொறுத்தாத்தான் எனக்குப் பெட்டி கிடைக்கும்."

"பொறுக்கணுமா?" அம்மிக்குழவி ஒருமுறை உருண்டது. "மாஸ்டர், நீங்க நல்ல மனிசன். உங்களிட்டச் சொன்னா என்ன. அந்தக் கோழியை நாந்தான் தின்ட."

மசூது வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ட மிளகாக் கண்டெல்லாம் கொத்திப் போட்டது. மூண்டு தரம் சொல்லியனுப்பின. கேக்கல்ல. நாலாந் தரம் கோழியே வந்தது. அறுத்து ஆணம் வெச்ச. நல்ல கோழி. அவள் தீன் போட்டு வளத்ததெல்லவா."

"அப்ப ராத்தா செஞ்சது உண்மைச் சத்தியம்."

"ஓம். ஆனா பாத்துச் செய்யல்லியே. ஒரு ஊகத்தில செஞ்சவள். ஊகத்துக்குச் சத்தியம் பண்ணலாமா? நீங்களே சொல்லுங்க."

மசூதுக்குக் கோபம் வந்தது. அவனுக்கு அது பழக்கமில்லாததால் குரல் கீச்சிட்டது. "நான் போய் உள்ளதைச் சொல்லிடுதேன்."

"சொல்லுங்களன்." அந்தக் கண் அசையவில்லை. "நான் வெள்ளிக்கு வெள்ளி என்ன தின்ட எண்டதையும் சேத்துச் சொல்லுங்க. அவள்ட கோழியை ஒருதரம் தின்டது நான். அவள்ட கோழியை ஒண்டரை வருஷமாத் தின்னாம விட்டது நீங்க. எதை அவள் பெருசா எடுப்பாள் எண்டு பாப்பம்."

மசூது பார்த்தான். எதைப் பெரிதாக எடுப்பாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமிருக்கவில்லை.

"சரி," என்றான் கடைசியில். "நான் தின்னதாவே இருக்கட்டும். நீங்க பொறுத்தா போதும்."

"அவள் தெருவால வரணும். முன்வாசலால. வெத்திலை வட்டாவோட."

ஹாஜறா அதைக் கேட்டுச் சிரித்தாள். திரை அசைந்தது. "முன்வாசலா? அது என்ட உம்மாட வளவு. கிணத்தடிக்கு வரச் சொல்லுங்க. தெருவெண்டா ஊர் பாக்கும்."

"கிணத்தடியெண்டா ஊர் பாக்காதே," என்றாள் சுல்பிகா.

பகல் முழுவதும் மசூது யன்னலுக்கும் வேலிக்கும் நாடா மாதிரி ஓடினான். தறியில் நாடா ஓடினால் துணியாவது கிடைக்கும். லுஹருக்குள் வட்டாவுக்குப் பதிலாக அரைப் பை சீனி வேலியைத் தாண்டியது. அஸருக்குள் சீனியும் வேண்டாமென்று திரும்பி வந்தது. கிணற்றடி என்று முடிவானது. ஆனால் றஸாக் காக்காவின் வீட்டுக்காரி நபீஸா சாட்சிக்கு நிற்க வேண்டும் என்றாள் சுல்பிகா. நபீஸா நின்றால் விடியுமுன் சம்மாந்துறை வரைக்கும் கதை போய்விடும், மாஸ்டர் நின்றால் போதும், அவர் கடலுக்கு அங்கால போகிற ஆள் என்றாள் ஹாஜறா. அதற்கு இருவரும் இணங்கினார்கள்.

வேலி கிணற்றின் விளிம்பில் வந்து நின்று, எதிர் விளிம்பிலிருந்து மறுபடி தொடங்கியது. வாளி இரண்டு, பக்கம் இரண்டு, தண்ணீர் ஒன்று. முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஒருத்தி இந்தப் பக்கம் வந்து நின்றாள், மற்றவள் அந்தப் பக்கம். மசூது வேலி முடிகிற இடத்தில், யாரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீரில் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

"மாஸ்டர், அவளுக்குச் சொல்லுங்க. நான் மாப்புக் கேக்க வந்திரிக்கன்," என்றாள் ஹாஜறா.

"என்னத்துக்கெண்டு கேளுங்க, மாஸ்டர். இது காலிதீன் ஹாஜியார்ட ஊர்," என்றாள் சுல்பிகா.

நாடாவுக்கு இனி வேலை இருக்கவில்லை.

"கள்ளி எண்டு சொன்னத்துக்கு," என்றாள் ஹாஜறா.

"ம்."

"பள்ளிவாசல்ல சத்தியம் பண்ணினத்துக்கு."

"ம்."

"வேலி போட்டத்துக்கு. உன்ட புருஷன் வாழைச்சேனையில இருந்து வந்த நேரம், மீன் தந்தனுப்பினதைத் திருப்பி அனுப்பினத்துக்கு. உனக்குக் காய்ச்சல் எண்டு கேட்டும் வராம இருந்தத்துக்கு. இரவையில இஞ்ச நிண்டு, நீ இருமுறதைக் கேட்டுக்கொண்டு நிண்ட. வரல்ல."

தண்ணீரில் சுல்பிகாவின் உருவம் முக்காட்டின் நுனியை வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

"உன்ட பிள்ளைக்குப் பேர் வெச்ச அண்டைக்கு..."

"போதும் ராத்தா. பொறுத்திட்டன்," என்றாள் சுல்பிகா.

"இன்னும் முடியல்ல."

"முடிஞ்சாலும் முடியாட்டியும் பொறுத்திட்டன். எல்லாத்தையும் பொறுத்திட்டன்."

ஹாஜறா தலையைச் சற்றே சாய்த்தாள். தறியில் ஒரு இழை அறுந்தால் நெசவுக்காரன் அப்படித்தான் சாய்ப்பான்.

"சரி. இனி நீ கேள்," என்றாள்.

"நான் என்னத்தக் கேக்க?"

"மாப்பு. ஆளுக்காள் கேக்கிறதெல்லவா வழக்கம். நீ எனக்கு ஒண்டும் செய்யல்லியா?"

"நான்... நான் என்ன செஞ்ச? கோழி மாஸ்டரெல்லவா தின்டவர்."

மசூதுக்கு இருமல் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். வந்தது, நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினான். அவன் நிமிர்ந்தபோது ஹாஜறா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, முக்காட்டுக்குள்ளிருந்து. ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

"கடற்காத்து," என்றாள். "போய்ப் படுங்க. விடிய பஸ்."

வியாழக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு வந்தபோது றங்குப்பெட்டி ஒழுங்கை வாசலில் இருந்தது. அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துத் தூக்கி வந்திருக்க வேண்டும். ஒருத்தியால் தனியே தூக்க முடியாத பாரம். மசூது பெட்டியைத் திறந்து பாஸ்போட்டைத் தொட்டுப் பார்த்தான். உம்மாவின் சீலைக்கு மேலே அரைப் பை சீனியும், ஒரு வெற்றிலைக் கட்டும் இருந்தன. புதன்கிழமை முழுவதும் இங்கும் அங்கும் போய்வந்த அதே சீனி.

திரைக்கு முன் நின்றான்.

"ராத்தா. நான்..."

"பொறுத்தன்," என்றது குரல், அவன் முடிக்குமுன். "பஸ் வர நேரமிரிக்கி. றோட்டில நில்லுங்க. நான் வாறன்."

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. வியாழக்கிழமையில் வராத வாசனை. மசூது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

றோட்டில் றஸாக் காக்கா நின்றார். நெசவுப் பெடியன்கள் நின்றார்கள். கட்டி அணைத்தார்கள். அவர்கள் தாங்களே நெய்த சாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். கரையில் ஒரு இழை பிசகியிருந்தது. மசூது பார்க்காதது மாதிரி மடித்துக்கொண்டான். அதுதான் அந்த வாரத்தில் அவன் சொன்ன பொய்களில் சிறந்தது, வாயே திறக்கவில்லை.

"மறுகா வருவீங்களா, மாஸ்டர்?" என்றார் றஸாக் காக்கா. "அடுத்த மவ்லிதுக்கு நல்ல பைத் படிச்சுக் காட்டுறன். பஞ்சில்லாமக் கேக்கணும்."

கல்முனைப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. நடத்துனன் பெட்டியைக் கூரைக்கு ஏற்றினான். மசூது யன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, முதல் முறையாக மூச்சை விட்டான். பெர்மிட் இருந்தது. பாஸ்போட் இருந்தது. பெட்டி இருந்தது. ஊரே பொறுத்துவிட்டது. இனி நடத்துனன் மணி அடித்தால் போதும்.

ஒழுங்கையிலிருந்து இரண்டு குடைகள் வந்தன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஹாஜறா முன்னால், சுல்பிகா அரை அடி பின்னால். றோட்டில் நின்ற ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். றஸாக் காக்கா, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார், "ஒரு கோழியால நடந்த நன்மையைப் பாருங்க."

சுல்பிகா குடைக்குள் குனிந்திருந்தாள். கண்ணாடி வளையல் கை தெரியவில்லை. சீலைக்குள் ஒளித்திருந்தாள்.

ஹாஜறா வந்து யன்னலுக்குக் கீழே நின்றாள். வாட்டிய வாழையிலையில் கட்டிய பொட்டலத்தை நீட்டினாள். சூடு இலையைத் தாண்டிச் சுட்டது. நெய்யும் பட்டையும் மணந்தன. அவள் கட்டை அவிழ்த்து, இலையை விரித்தே கையில் தந்தாள். நடுவில் ஒரு கால் துண்டு, வறுத்த வெங்காயத்துக்கு மேலே, ராஜா மாதிரிக் கிடந்தது.

"வழிக்குச் சாப்பாடு, மாஸ்டர்."

"வழியில சாப்பிடுதேன் ராத்தா."

நடத்துனன் மணிக்கயிற்றைப் பிடித்தான். ஹாஜறா குடையை மடக்கி, அதன் பிடியால் பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். கயிற்றிலிருந்து அவன் கை இறங்கியது. அவளை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு அவள் ஒருமுறை தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள். சுல்பிகா பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜறா மறுபடி யன்னலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, மெதுவாகத்தான், சொன்னாள்:

"ஒண்டரை வருஷமா வெச்சித் தந்திரிக்கன், நீங்க கோழி தின்னுறதை ஒரு நாளும் என்ட கண்ணால காணல்ல. பஸ் நிக்கும், மாஸ்டர். எனக்கு முன்னால ஒரு துண்டு தின்னுங்களன்?"